எரர் மெசேஜ் எந்த ஓஎஸ்லயும் சரியா வரணும், எத்தனை த்ரெட் ஓடினாலும் கலந்துடக் கூடாது: முழுமையான வழிகாட்டி

மணலி, மாதவரம், எண்ணூர் ரோடு பக்கம் கன்டெய்னர் யார்டுங்கள்ல லாரி ஏறி நிக்கிற எடைமேடை இருக்குல்ல, அதுக்கு சாஃப்ட்வேர் எழுதுறதுதான் எங்க வேலை, தண்டையார்பேட்டைல சின்ன ஆபீஸ். பூத்ல இருக்கிற கம்ப்யூட்டர் விண்டோஸ், மேடைக்கு பக்கத்துல பெட்டிக்குள்ள இருக்கிற குட்டி போர்டு லினக்ஸ், பசங்க கோடு எழுதுற லேப்டாப் பாதிப் பேருக்கு மேக், ஆனா கோடு எல்லாத்துக்கும் ஒண்ணுதான், சி-யும் சி ப்ளஸ் ப்ளஸ்ஸும். ஒரே ப்ரோக்ராமுக்குள்ள பல வேலை ஒரே நேரத்துல தனித்தனியா ஓடும், அந்த ஒவ்வொண்ணும் ஒரு த்ரெட்: ஒரு த்ரெட் சீரியல் போர்ட்ல எடை படிக்கும், ஒண்ணு சர்வருக்கு அனுப்பும், ஒண்ணு ஸ்லிப் அடிக்கும், ஒண்ணு கேமராவ பாத்துக்கும். இதுல எது புட்டுக்கிச்சுன்னாலும் லாக்ல விழுற அந்த ஒரு வரிய படிச்சுட்டுதான் நைட் ட்யூட்டி ஆபரேட்டர் நமக்கு போன் போடுவாரு, பின்னாடி லாரி வரிசை கட்டி நிக்கும்.

அந்த வரி தப்பா இருந்தா என்ன ஆகும்னு ஒரு கேஸ் சொல்றேன். விண்டோஸ்ல ஒரு சீரியல் போர்ட்ட வேற ஒரு ப்ரோக்ராம் ஏற்கனவே திறந்து வெச்சிருந்தா நம்ம ஓப்பன் கால் 5-ங்கிற நம்பரோட ஃபெயில் ஆகும், விண்டோஸ் கணக்குல 5-னா ஆக்சஸ் டினைடு. அதே 5-ஐ தூக்கி, நம்பர எழுத்தா மாத்துற சி லைப்ரரியோட ஸ்ட்ர்எரர் ஃபங்ஷன்கிட்ட குடுத்தா அது எர்நோங்கிற தன் சொந்த நம்பர் கணக்குல பாத்து இன்புட் அவுட்புட் எரர்னு சொல்லும். இத படிச்ச ஆபரேட்டர் கேபிள் போச்சுன்னு முடிவு பண்ணிடுவாரு, மழைல இறங்கி கேபிள் மாத்துவாரு, "அண்ணே மாத்திட்டேன் அப்பவும் வரலண்ணே"ம்பாரு, ஆனா உண்மையில பின்னாடி ஓடிக்கினு இருக்கிற பழைய சாஃப்ட்வேர மூடினாலே போதும். நம்பர் சரிதான், ஓஎஸ்ஸும் ஒழுங்காதான் சொல்லுச்சு, நடுவுல மொழிபெயர்த்த நம்ம கோடுதான் ஆள அலைய வுட்டுச்சு.

அதனால இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு விஷயத்த சுத்திதான் போகும்: நம்பர உடனே பிடி, அது எந்த குடும்பத்து நம்பர்னு சேத்து வை, அத எழுத்தா மாத்துற வேலைய கடைசில ஒரே இடத்துல உன் சொந்த பஃபர்ல (எழுத்து வெக்க நீயே ஒதுக்குன மெமரில) பண்ணு. மத்ததெல்லாம் இதுக்கு விளக்கம்.

நம்பருங்க எத்தனை ஜாதி

கோடு எழுதுறதுக்கு முன்னாடி இத புரிஞ்சுக்கணும், ஏன்னா நிறைய பேரு எரர் நம்பர்னா ஒரே வகைன்னு நெனச்சுக்கினு இருக்காங்க. முதல் வகை எர்நோ, சி லைப்ரரியும் போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை ஓஎஸ்ஸுக்கான பொது ஸ்டாண்டர்டு) கால்களும் வெக்கிறது. ரெண்டாவது விண்டோஸோட கெட்லாஸ்ட்எரர் தர்றது. மூணாவது விண்டோஸ் சாக்கெட்டோடது, அத டபிள்யூஎஸ்ஏ கெட்லாஸ்ட்எரர்ல வாங்கணும், கனெக்ஷன் ரிஃப்யூஸ்டுன்னா அங்க 10061. நாலாவது கெட்அட்ர்இன்ஃபோ மாதிரி பேர அட்ரஸா மாத்துற ஃபங்ஷன் தர்ற இஏஐ நம்பர், அதுக்கு தனியா காய்_ஸ்ட்ர்எரர்னு ஒண்ணு இருக்கு. அஞ்சாவதா த்ரெட்ட நடத்துற பித்ரெட் ஃபங்ஷன்கள், இதுங்க எர்நோவ தொடவே தொடாது, எரர் நம்பர நேரா ரிட்டர்ன் பண்ணிடும், நம்பர் எர்நோ குடும்பம்தான் ஆனா வர்ற வழி வேற. மியூட்டெக்ஸ் லாக் (ஒரு நேரத்துல ஒரே த்ரெட்ட உள்ள வுடுற பூட்டு) ஃபெயில் ஆச்சுன்னு எர்நோவ பிரிண்ட் பண்ணிக்கினு இருக்கிற கோடு எக்கச்சக்கமா பாத்திருக்கேன், அதுல வர்ற மெசேஜ் வேற எங்கயோ எப்பவோ ஆன தப்போடது.

எர்நோ குடும்பத்துக்குள்ளயே நம்பர் ஓஎஸ்ஸுக்கு ஓஎஸ் மாறும். ஃபைல் இல்லன்னு சொல்ற 2 மாதிரி பழைய நம்பருங்க எல்லா இடத்துலயும் ஒண்ணா இருக்கிறதால நமக்கு ஒரு தைரியம் வந்துடும், ஆனா கனெக்ஷன் ரிஃப்யூஸ்டு லினக்ஸ்ல 111, மேக்லயும் பிஎஸ்டிலயும் 61, விசுவல் சி ஹெடர்ல 107. இன்னும் மோசம் 11-ம் 35-ம்: லினக்ஸ்ல 11-னா ஈஅகெய்ன், 35-னா ஈடெட்லாக், மேக்ல அப்படியே தலைகீழ், 11-தான் டெட்லாக், 35-தான் அகெய்ன். ஒண்ணு "கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப கேளு"ங்குது, இன்னொண்ணு "உன் லாக்கெல்லாம் சிக்கிக்கிச்சு"ங்குது. நம்பர கோடுல நேரா எழுதுனா மேக்ல டெஸ்ட் பண்ணி லினக்ஸ்ல ஏத்துற அன்னிக்கு தெரியும், அதனால எப்பவும் பேர வெச்சுதான் கம்பேர் பண்ணணும்.

பேர வெச்சு பண்ணும்போதும் ஒரு முள்ளு இருக்கு, லினக்ஸ்ல ஈஅகெய்னும் ஈவுட்ப்ளாக்கும் ஒரே நம்பர், விசுவல் சி-ல ரெண்டும் வேற வேற. ஸ்விட்ச்சுல ரெண்டுக்கும் தனித்தனி கேஸ் போட்டா லினக்ஸ்ல கம்பைலே ஆகாது, ஒண்ணுக்கு மட்டும் போட்டா விண்டோஸ்ல இன்னொண்ணு நழுவிடும். இந்த இடத்துல ஸ்விட்ச்ச வுட்டுட்டு ரெண்டையும் சேத்து ஒரு இஃப் எழுதிடுங்க.

படி 1: நம்பர உடனே பிடிச்சு வை

எர்நோ த்ரெட்டுக்கு த்ரெட் தனி, 1995-ல வந்த போசிக்ஸ் த்ரெட் ஸ்டாண்டர்டே அப்படித்தான் சொல்லுச்சு, சி11 அத சி மொழிக்குள்ளயே கொண்டாந்துடுச்சு. கெட்லாஸ்ட்எரரும் த்ரெட்டுக்கு தனிதான். அதனால பக்கத்து த்ரெட் உங்க நம்பர அழிக்காது, ஆனா உங்க த்ரெட்டே அழிச்சுடும், அதுதான் நிஜ ஆபத்து. ஃபெயில் ஆன காலுக்கும் நீங்க எர்நோவ படிக்கிறதுக்கும் நடுவுல ஒரு ஃப்ரீ, ஒரு க்ளோஸ், ஒரு லாக் எழுதுற ஃபங்ஷன் வந்துச்சுன்னா போச்சு. ஜெயிச்ச ஃபங்ஷன் கூட எர்நோவ மாத்தலாம், அதுக்கு அனுமதி இருக்கு, எந்த லைப்ரரி ஃபங்ஷனும் அத ஜீரோவாக்காது. அதனால எர்நோ ஜீரோ இல்லன்னா தப்பு நடந்துடுச்சுன்னு நெனைக்கக் கூடாது, முதல்ல ரிட்டர்ன் வேல்யூவ பாக்கணும், ஃபெயில்னு உறுதி ஆனா மட்டும் எர்நோவ பாக்கணும்.

சி ப்ளஸ் ப்ளஸ்ல இது இன்னும் நைஸா ஒளிஞ்சுக்கும், ஸ்கோப் முடியும்போது டிஸ்ட்ரக்டர் ஓடி ஃபைல மூடும், அந்த க்ளோஸ் எர்நோவ மாத்திடும், நீங்க வெளிய வந்து படிச்சா கிடைக்கிறது க்ளோஸோட எர்நோ. ஒரே பிரிண்ட்எஃப் வரில ரெண்டு ஃபங்ஷன் கால் போட்டு அதுல ஒண்ணு எர்நோவ படிக்குதுன்னா எது முன்னாடி ஓடும்னு கம்பைலர் இஷ்டம். ஃபெயில் ஆனதுக்கு அடுத்த வரியே ஒரு இன்ட்ல எடுத்து வெச்சுடுங்க, அதுக்கு மேல விவாதமே வேணாம்.

எடுத்து வெக்கிறப்ப வெறும் நம்பர் மட்டும் வேணாம். ஒரு சின்ன ஸ்ட்ரக்ட் வெச்சுக்குங்க: எந்த குடும்பம்ங்கிறது ஒரு ஈநம் வகை (பேர் வெச்ச நம்பர் பட்டியல்), நம்பர், எந்த வேலை பண்ணப்ப தப்பாச்சு, எந்த பொருள் மேல. சீரியல் போர்ட் திறக்கிறப்ப, காம்3 மேல, விண்டோஸ் குடும்பம், 5. இந்த நாலும் இருந்தா மெசேஜ் எழுத்தே வரலன்னா கூட ஆள் கண்டுபிடிச்சுடுவாரு.

சி ப்ளஸ் ப்ளஸ்11-லேர்ந்து எரர்_கோடுன்னு ஸ்டாண்டர்ட்லயே இருக்கிறது இதேதான், நம்பரும் கேட்டகிரியும் ஜோடியா. எர்நோ நம்பருக்கு ஜெனரிக் கேட்டகிரி, கெட்லாஸ்ட்எரர் நம்பருக்கு சிஸ்டம் கேட்டகிரி. கம்பேர் பண்ண எர்ர்சி-ங்கிற ஸ்டாண்டர்டு பட்டியல்ல இருக்கிற பேர வெச்சா 111-ஆ 61-ஆ 10061-ஆன்னு நீங்க கவலைப்பட வேணாம். புது ப்ராஜெக்ட்னா நேரா இதுல ஆரம்பிங்க, சொந்த ஸ்ட்ரக்ட் சி கோடுக்கு மட்டும் போதும்.

படி 2: ஸ்ட்ர்எரர எதுக்கு ஒதுக்கணும்

ஸ்ட்ர்எரர் ஒரு பாயிண்டர் தருது, அது காட்டுற எழுத்து யாரோட இடத்துல இருக்குன்னு கேட்டா போசிக்ஸ் உறுதி சொல்லல, அடுத்த தபா கூப்பிட்டா அழிஞ்சு போகலாம், த்ரெட் சேஃபா இருக்கணும்னு கட்டாயமும் இல்ல. காசிமேட்டு ஏலத்துல எல்லாருக்கும் சேத்து ஒரே ஒரு சிலேட்டு வெச்சு வெல எழுதுனா எப்படி, நீங்க படிக்கிறதுக்குள்ள அடுத்தவன் அழிச்சு அவன் மீனோட வெலய எழுதிடுவான், அது மாதிரி.

இது லினக்ஸ்ல ரொம்ப நாள் கண்ணுக்கு சிக்காததுக்கு காரணம் உண்டு. ஜிலிப்சி-ங்கிறது லினக்ஸ்ல வழக்கமா இருக்கிற சி லைப்ரரி, அதோட பழைய வெர்ஷன்ல தெரிஞ்ச நம்பருக்கெல்லாம் மாறாத ஒரு எழுத்துக்குத்தான் பாயிண்டர் வரும், தெரியாத நம்பர் வந்தா மட்டும் பொது பஃபர்ல எழுதும். அதனால டெஸ்ட்ல எல்லாம் பச்ச, எங்கயோ ஒரு டிரைவர் வினோதமான நம்பர் தந்த அன்னிக்கு ரெண்டு த்ரெட் மோதிக்கும். 2020-ல வந்த ஜிலிப்சி 2.32-லேர்ந்து ஸ்ட்ர்எரர் த்ரெட் சேஃப் ஆயிடுச்சு, மைக்ரோசாஃப்ட் லைப்ரரிலயும் த்ரெட்டுக்கு தனி பஃபர். அப்ப என்ன கவலைன்னு கேக்கலாம், யார்டுல இருக்கிற போர்டுங்கள்ல பழைய ஜிலிப்சி இன்னும் வருஷக்கணக்கா ஓடும், அத யாரும் அப்டேட் பண்ண மாட்டாங்க. எங்க கோடு எங்க போய் உக்காரும்னு நமக்கு தெரியாதப்ப ஸ்டாண்டர்டு குடுக்காத உறுதிய நம்பி எழுதக் கூடாதுங்கிறது என் முடிவு.

பழைய கோடுல சிஸ்_எர்ர்லிஸ்ட்னு ஒரு அர்ரேவ நேரா தொட்டிருப்பாங்க, அத பாத்தா உடனே தூக்குங்க, ஜிலிப்சி 2.32-லேர்ந்து புதுசா லிங்க் பண்றதுக்கு அது கிடைக்கவே கிடைக்காது.

படி 3: ஸ்ட்ர்எரர்_ஆர், ஒரே பேர்ல ரெண்டு ஃபங்ஷன்

சரியான பதில் ஸ்ட்ர்எரர்_ஆர், நம்பர், நம்ம பஃபர், அதோட நீளம் குடுக்கணும். ஆனா இந்த பேர்ல ரெண்டு வேற ஃபங்ஷன் உலாத்துது, இங்கதான் நிறைய பேர் கவுறாங்க, அதனால நிறுத்தி நிதானமா சொல்றேன்.

போசிக்ஸ் வகை இன்ட் ரிட்டர்ன் பண்ணும், ஜீரோன்னா எழுத்து நம்ம பஃபர்ல இருக்கு. நம்பர் தெரியலன்னா ஈஇன்வால், பஃபர் பத்தலன்னா ஈரேஞ்ச். அதுலயும் ஜிலிப்சி 2.13-க்கு முன்னாடி மைனஸ் 1 ரிட்டர்ன் பண்ணி எர்நோவ வெக்கும், அப்புறம்தான் நம்பர நேரா ரிட்டர்ன் பண்ண ஆரம்பிச்சுது, அதனால ஜீரோவா இல்லையான்னு மட்டும் பாருங்க. ஜிலிப்சி-க்கே உரிய குனு வகை சார் பாயிண்டர் ரிட்டர்ன் பண்ணும், அந்த பாயிண்டர் நம்ம பஃபர காட்டலாம், இல்ல லைப்ரரிக்குள்ள இருக்கிற மாறாத எழுத்த காட்டலாம். பின்னதுன்னா நம்ம பஃபர அது தொட்டிருக்கவே தொட்டிருக்காது.

இப்ப போசிக்ஸ் வகைன்னு நம்பி எழுதுன கோடு குனு வகைல போய் விழுந்தா ரிட்டர்ன சரியா கண்டுக்காம பஃபர பிரிண்ட் பண்ணும், அதுல என்ன குப்பை இருந்துச்சோ அது லாக்ல வரும். உல்டாவா குனுன்னு நம்பி எழுதுனது மேக்ல போய் ஓடுனா ஜீரோவ பாயிண்டர்னு நெனச்சு பிரிண்ட் பண்ணும், நல்ல நேரம்னா நல்னு வரும், கெட்ட நேரம்னா ப்ரோக்ராம் சாஞ்சுடும், அதுவும் எரர் சொல்ற வழிலயே சாயும், இத டெஸ்ட்ல யாரும் பாக்க மாட்டாங்க.

ஜிலிப்சி-ல எது வரும்னு _குனு_சோர்ஸ் மேக்ரோ முடிவு பண்ணுது, அது டிஃபைன் ஆயிருந்தா குனு வகை. சி ப்ளஸ் ப்ளஸ் கம்பைலர் லினக்ஸ்ல அத தானாவே டிஃபைன் பண்ணிடும், அதனால ஒரே ஹெடர் சி-ல ஒரு மாதிரி, சி ப்ளஸ் ப்ளஸ்ல ஒரு மாதிரி நடந்துக்கும். ஆல்பைன் லினக்ஸ்ல இருக்கிற மஸல் லைப்ரரி போசிக்ஸ் வகை மட்டும்தான் தரும், மேக்கும் ஃப்ரீபிஎஸ்டியும் இன்ட் வகை. ஆண்ட்ராய்டுல 23-வது ஏபிஐ லெவல்லேர்ந்து _குனு_சோர்ஸ் இருந்தா குனு வகை வரும்.

சி கோடுக்கு எனக்கு பிடிச்ச வழி, இந்த வேலைக்குன்னு தனியா ஒரு சி ஃபைல் வைங்க, முதல் வரில எந்த ஹெடரும் வர்றதுக்கு முன்னாடி _குனு_சோர்ஸ அன்டெஃப் பண்ணி _போசிக்ஸ்_சி_சோர்ஸ 200112எல்னு டிஃபைன் பண்ணுங்க, போசிக்ஸ் வகை உறுதியா வந்துடும். ஒரு ஹெடர் முன்னாடி வந்துட்டா இது செல்லாது, அதனால அந்த வரிக்கு மேல யாரும் எதுவும் சேக்காதபடி கமென்ட் எழுதி வைங்க. சி ப்ளஸ் ப்ளஸ்ல இன்னும் அழகான வழி இருக்கு, ஒரே பேர்ல ரெண்டு சின்ன ஃபங்ஷன் எழுதுங்க, ஒண்ணு இன்ட்டும் பஃபரும் வாங்கும், இன்னொண்ணு சார் பாயிண்டரும் பஃபரும் வாங்கும், ஸ்ட்ர்எரர்_ஆர் தந்தத அப்படியே உள்ள போட்டா கம்பைலரே டைப்ப பாத்து சரியானத எடுத்துக்கும், மேக்ரோ ஆராய்ச்சியே வேணாம். சி11-ல _ஜெனரிக் வெச்சு இதே மாதிரி செய்யலாம். ஆட்டோகான்ஃப் வெச்சிருக்கிறவங்களுக்கு ஏசி_ஃபங்க்_ஸ்ட்ர்எரர்_ஆர்னு ரெடிமேடாவே சோதனை இருக்கு.

எதுவா இருந்தாலும் கூப்பிடுறதுக்கு முன்னாடி பஃபரோட முதல் பைட்ட ஜீரோ ஆக்குங்க, எர்நோவ எடுத்து வெச்சுட்டு வெளிய போறப்ப திரும்ப போடுங்க. எரர் சொல்ற ஃபங்ஷனே எர்நோவ கெடுத்துட்டு போச்சுன்னா அப்புறம் யார நம்புறது.

2008 போசிக்ஸ்ல ஸ்ட்ர்எரர்_எல்னு ஒண்ணு வந்துச்சு, லொக்கேல் (மொழி செட்டிங்) ஆப்ஜெக்ட் குடுத்து எந்த மொழில வேணுமோ கேக்கலாம், த்ரெட் சேஃபும்தான். குளோபல் லொக்கேல மட்டும் அதுக்கு குடுத்துடாதீங்க. விண்டோஸ்ல இது கிடையாது, அதனால எங்க பக்கம் பயன்படுத்துறதில்ல.

படி 4: விண்டோஸ் பக்கம்

அங்க எர்நோ நம்பருக்கு ஸ்ட்ர்எரர்_எஸ். ஆர்கியுமென்ட் வரிசை மாறும், முதல்ல பஃபர், அப்புறம் நீளம், கடைசில நம்பர்.

கெட்லாஸ்ட்எரர் நம்பருக்கும் சாக்கெட் நம்பருக்கும் ஃபார்மட்மெசேஜ், அதுல டபிள்யூன்னு முடியுற வைட் வகைய எடுங்க, வந்தத யூடிஎஃப்-8-க்கு மாத்திக்கலாம், ஏ-ன்னு முடியுறது மெஷினோட பழைய கோட் பேஜ்ல தரும், மத்த மொழி எழுத்தெல்லாம் கேள்விக்குறி ஆயிடும். ஃபிளாக்ல ஃப்ரம் சிஸ்டமோட இக்னோர் இன்சர்ட்ஸ் கண்டிப்பா போடணும். சில மெசேஜுக்குள்ள பர்சென்ட் 1-னு இடம் விட்டிருக்கும், இந்த ஃபிளாக் இல்லன்னா இல்லாத ஆர்கியுமென்ட்ட தேடிப் போகும். அலகேட் பஃபர் ஃபிளாக் போட்டீங்கன்னா லோக்கல்ஃப்ரீ நீங்கதான் பண்ணணும், ஸ்டாக்ல சொந்த பஃபர் குடுத்தா அந்த தொல்லை இல்ல. கடைசில வரி உடைக்கிற எழுத்தோட வரும், அதையும் ஸ்பேஸையும் நறுக்கிடுங்க, இல்லன்னா லாக்ல ஒரு எரர் ரெண்டு வரியாகி தேடுறப்ப பாதிதான் சிக்கும்.

காய்_ஸ்ட்ர்எரர் விண்டோஸ்ல த்ரெட் சேஃப் இல்லன்னு மைக்ரோசாஃப்ட் டாக்குமென்ட்டே சொல்லுது. அங்க இஏஐ நம்பரெல்லாம் சாக்கெட் நம்பரேதான், அதனால ஃபார்மட்மெசேஜுக்கே அனுப்பிடலாம். போசிக்ஸ் பக்கம் இஏஐ_சிஸ்டம்னு வந்தா மட்டும் உண்மையான காரணம் எர்நோல இருக்கு, அத கையோட பிடிச்சுக்கணும்.

படி 5: எழுத்த எழுத்தா மட்டும் நடத்து

மெசேஜ் எழுத்த வெச்சு கோடுல முடிவெடுக்காதீங்க. ஜீரோவுக்கு ஜிலிப்சி சக்சஸ்ங்குது, மஸல் நோ எரர் இன்ஃபர்மேஷன்ங்குது, மேக் அன்டிஃபைண்டு எரர் ஜீரோங்குது. விண்டோஸ் மெசேஜ் அந்த மெஷினோட மொழில வரும். இதுல ஸ்ட்ரிங் கம்பேர் பண்ணி ரீட்ரை பண்ணலாமா வேணாமான்னு பாக்கிற கோடு எந்த மெஷின்ல உடையும்னு யாராலயும் சொல்ல முடியாது.

லொக்கேல மாத்தணும்னா மெயின்ல த்ரெட் எதுவும் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை செட்லொக்கேல், அதோட சரி, நடுவுல எந்த த்ரெட்டும் அத தொடக் கூடாது.

நீளம் பத்தி நம்ம ஆளுங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. தமிழ் எழுத்து யூடிஎஃப்-8-ல ஒவ்வொரு கோட் பாயிண்டும் 3 பைட், "கு"ங்கிறது க, உகரக் குறின்னு ரெண்டு கோட் பாயிண்ட், அதுவே 6 பைட் ஆயிடும். ஃபைல் பேரோ மெசேஜோ தமிழ்ல இருந்தா 64 பைட் பஃபர்ல இருவத்தோரு கோட் பாயிண்ட்தான், அதுக்கு மேல வெட்டுனா எழுத்து நடுவுல வெட்டும், லாக்க படிக்கிற டூல் அந்த வரியவே தள்ளிடலாம். 512 பைட்டாவது குடுங்க, அப்பவும் வெட்ட வேண்டி வந்தா வெட்டுற இடத்துல இருக்கிற பைட் 128-லேர்ந்து 191-க்குள்ள இருக்கிற வரைக்கும் பின்னாடி நகந்து அப்புறம் வெட்டுங்க.

ஓஎஸ் சிக்னல் அனுப்புறப்ப ஓடுற வேலைய நிறுத்தி நடுவுல ஓடுற சிக்னல் ஹேண்ட்லர்ல இது எதையும் கூப்பிடக் கூடாது. அங்க ரைட் கால்ல நம்பர மட்டும் எழுதுங்க, உள்ள வர்றப்ப எர்நோவ எடுத்து வெச்சுட்டு போறப்ப திரும்ப போடுங்க.

படி 6: ஒட்டுற இடம், சோதனை

எல்லாம் சேத்து வெளிய தெரியுற ஃபங்ஷன் ஒண்ணே ஒண்ணு: நம்ம ஸ்ட்ரக்ட், பஃபர், நீளம் வாங்கும், எப்பவும் ஜீரோவால முடிச்சு வெக்கும், ஃபெயிலே ஆகாது. உள்ள எழுத்து கிடைக்கலன்னா குடும்பப் பேரும் நம்பரும் எழுதும். எழுத்து கிடைச்சாலும் குடும்பமும் நம்பரும் பக்கத்துலயே இருக்கணும். எங்க லாக் வரி இப்படி இருக்கும்: "சீரியல் திறப்பு, காம்3, விண்டோஸ் 5, ஆக்சஸ் இஸ் டினைடு". போன்ல "விண்டோஸ் அஞ்சு"ன்னு ஆபரேட்டர் சொன்னாலே போதும், மேல படிக்கவே வேணாம்.

சோதனைக்கு 0, 2, 5, மைனஸ் 1, அப்புறம் எங்கயும் இல்லாத ஒரு பெரிய நம்பர், இதுங்கள ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓட்டுங்க, பஃபர் நீளம் 1, 8, 512-னு மாத்தி மாத்தி. அப்புறம் த்ரெட் சோதனை: பல த்ரெட், ஒவ்வொண்ணுக்கும் வேற வேற தெரியாத நம்பர், லூப்ல கூப்பிட்டு தன் நம்பர்தான் தன் பஃபர்ல இருக்கான்னு பாக்கணும். தெரிஞ்ச நம்பர் மட்டும் வெச்சு ஓட்டுனா பழைய ஜிலிப்சி-ல தப்பு வெளிய வராது, காரணம் மேல சொன்னதுதான். சாதா லினக்ஸ், ஆல்பைன், மேக், விண்டோஸ் நாலுலயும் ஓட்டுங்க. ஆல்பைன் டாக்கர்ல ரொம்ப சின்னது, அத வுட்டுடாதீங்க, ஸ்ட்ர்எரர்_ஆர் வகை மாறுற தப்பு அங்கதான் சீக்கிரம் மாட்டும்.

கடைசியா பழைய கோடு. ஸ்ட்ர்எரர், பிஎரர், சிஸ்_எர்ர்லிஸ்ட், காய்_ஸ்ட்ர்எரர், பர்சென்ட் எம், இந்த அஞ்சையும் க்ரெப் பண்ணி (கோடு முழுக்க தேடி) ஒவ்வொண்ணா புது ஃபங்ஷனுக்கு மாத்துங்க. பிஎரர் உங்க லாக் ஃபைலுக்கு போகாது, எஸ்டிடிஎர்ருக்குத்தான் போகும், சர்வீஸா ஓடுற ப்ரோக்ராம்ல அத யாரும் பாக்க மாட்டாங்க. எர்நோவோட மெசேஜ போடுற பர்சென்ட் எம் பிரிண்ட்எஃப்ல ஜிலிப்சி-லயும் மஸல்லயும் வேலை செய்யும், விண்டோஸ்ல செய்யாது. எல்லாம் மாத்தி முடிச்சதும் சிஐ-ல (கோடு சேர்றப்பல்லாம் தானா பில்டு ஓட்டுற ஏற்பாடு) ஒரு ஸ்கிரிப்ட் போடுங்க, அந்த தனி ஃபைல தவிர வேற எங்கயாவது இந்த பேருங்க வந்தா பில்டு நிக்கணும். புதுசா சேர்ற பசங்க பழக்கத்துல ஸ்ட்ர்எரர்னு எழுதிடுவாங்க, பில்டு நின்னா அங்கயே கேட்டு தெரிஞ்சுக்குவாங்க, அந்த தப்பு யார்டு வரைக்கும் போகாது.